தாகம் எடுத்த பிறகு எண்ணெய்க் கிணறா?

பெட்ரோல் விலை ஏறிய மறுநாளே ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரு கூட்டம், "காலுக்கு அடியிலயே எண்ணெய் கிடக்கு, தோண்டி எடுக்க விடமாட்டேங்கிறாங்களே" என்று பாய்கிறது. எதிர்க் கூட்டம், "சூரியன் சும்மாதானே காயுது, காத்து சும்மாதானே வீசுது, இன்னும் எதுக்கு எண்ணெய்?" என்று மல்லுக்கு நிற்கிறது. டிவியைப் போட்டாலும் இதுதான், வேலை இடத்தில் நாலு பேர் கூடினாலும் இதுதான். விலை இறங்கியதும் இரண்டு கூட்டமும் சொல்லிவைத்தாற்போல் கலைந்துவிடும். அடுத்த ஏற்றத்துக்கு அதே ஆட்கள், அதே வசனம். கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிகிறது.

இந்தக் கூச்சலில் பங்க்கில் நிற்கும் மனிதரை யாரும் பார்ப்பதே இல்லை. வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்கள் பெட்ரோல் போடுவதை ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள். டேங்க்கை நிரப்ப மாட்டார்கள். காலையில் கையில் இருக்கிற காசுக்குக் கொஞ்சம், நாலு சவாரி முடிந்து காசு வந்ததும் இன்னும் கொஞ்சம். கண் மீட்டரை விட்டு நகராது. பணத்தின் எண் ஓடுகிற ஓட்டத்துக்கு லிட்டர் எண் நொண்டிக்கொண்டு வரும். குழாயை எடுக்கும்போது ஒரு சொட்டு வெளியே போய்விடக் கூடாதே என்று டேங்க் வாயில் தட்டி உதறச் சொல்வார்கள். அவரிடம் போய், "புதுசா கிணறு தோண்டினா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

தோண்டச் சொல்கிறவர்கள் மேல்தான் என் கோபத்தில் பெரும்பங்கு. தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டப் போகாதே என்று சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எண்ணெய் விஷயத்தில் மட்டும் அது மறந்துவிடுகிறது. காஸ்பியன் கடலின் வடபகுதியில் இருக்கிற, கஜகஸ்தானின் காஷகான் எண்ணெய் வயலைப் பாருங்கள். அங்கே எண்ணெய் இருப்பது 2000-ல் தெரிந்தது. உலகின் பெரிய எண்ணெய் நிறுவனங்கள் பலவும் அதில் கூட்டுச் சேர்ந்தன. பணம் 5,000 கோடி டாலர் அளவுக்குக் கொட்டப்பட்டது. ஆழமில்லாத, குளிர்காலத்தில் உறைந்துபோகும் கடல் என்பதால் கல்லையும் மண்ணையும் கொட்டிச் செயற்கைத் தீவுகளே கட்டினார்கள். 2013 செப்டம்பரில் எண்ணெய் வந்தது. சில வாரங்களிலேயே நின்றது. எண்ணெயோடு சேர்ந்து வந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு குழாய்களில் விரிசல் விழவைத்து, வாயு கசிந்து, மொத்தத்தையும் மூட வேண்டியதாயிற்று. பழைய குழாய்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் பதித்து மறுபடி எண்ணெய் எடுத்தது 2016-ல்.

ஆக 16 வருஷம். அதற்குள் என்னென்ன நடந்துவிட்டது! 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டு உலகமே அலறியது. அப்போது காஷகான் எண்ணெய் கடலுக்கு அடியில் இருந்தது. அந்த வருஷக் கடைசிக்குள் விலை 40 டாலருக்கும் கீழே விழுந்தது. அப்போதும் அது கடலுக்கு அடியிலேயே இருந்தது. ஒருவழியாக வெளியே வந்தபோது சந்தையில் விலை ஏற்கெனவே சரிந்து கிடந்தது. இது ரொம்ப மோசமான உதாரணம் என்பீர்கள். சரி, எல்லாம் ஒழுங்காக நடந்த ஒன்றையே பார்ப்போம். நார்வேயின் யோஹான் ஸ்வெர்ட்ரூப் வயல் 2010-ல் கண்டுபிடிக்கப்பட்டது. உற்பத்தி தொடங்கியது 2019-ல். காரியக்கார நாடு, காசுள்ள நாடு, அங்கேயே ஒன்பது வருஷம்.

ஷேல் கிணறு என்றால், அதாவது பாறையை உடைத்து அதற்குள் சிக்கியிருக்கும் எண்ணெயை எடுக்கிற கிணறு என்றால், சில மாதங்களில் எண்ணெய் வந்துவிடும், மறுக்கவில்லை. ஆனால் முதல் வருஷத்திலேயே அதன் வரத்து பாதிக்கு மேல் வடிந்துவிடும். எடுத்த அளவைத் தக்கவைத்துக்கொள்வதற்கே அடுத்தடுத்துத் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, எண்ணெய் வந்தேவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விலை குறையுமா? 2018-லிருந்து உலகத்திலேயே அதிகம் கச்சா எண்ணெய் எடுக்கும் நாடு அமெரிக்கா. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த 2022-ல், ஜூன் மாதம், அதே அமெரிக்காவில் பெட்ரோல் சராசரி விலை கேலனுக்கு 5 டாலரைத் தாண்டியது. அந்த நாடு அதற்கு முன் பார்த்திராத விலை. எல்லோரையும்விட அதிகமாகத் தோண்டுகிற நாட்டுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்? எண்ணெய் எந்த மண்ணிலிருந்து வந்தாலும் விலை பேசப்படுவது உலகச் சந்தையில். எங்கோ ஒரு போர், பாரசீக வளைகுடாவின் வாயிலில் இருக்கும் ஹார்முஸ் நீரிணையில் ஒரு பதற்றம் (உலகம் செலவழிக்கும் எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தக் குறுகலான வழியாகத்தான் போய்வந்திருக்கிறது), உடனே எல்லா ஊர் பங்க்கிலும் எண் மாறுகிறது. நம் நிலத்தில் எடுத்ததை நமக்கென்று குறைத்துக் கொடுக்க எந்தக் கம்பெனிக்கு என்ன தலையெழுத்து? மக்கள் பங்க்கில் நொந்துகொண்டிருந்த அதே 2022-ல் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியான எக்ஸான்மொபில் சம்பாதித்த லாபம் 5,500 கோடி டாலருக்கும் மேல். அந்த நிறுவனத்தின் வரலாற்றிலேயே அதிகம்.

கிணறு கையை மீறிப் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்கிற எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடை வெடித்து 11 பேர் செத்தார்கள். கடலுக்குள் எண்ணெய் ஒழுகியதை அடைக்க 87 நாள் ஆனது. விலை ஏறியதும் "விதிமுறையெல்லாம் தளர்த்து" என்று கத்துகிறவர்கள் அந்த 11 குடும்பங்களை ஒரு நிமிஷம் நினைத்துவிட்டுக் கத்தட்டும்.

மாற்று எரிசக்தி பேசுகிறவர்களையும் விடப்போவதில்லை. நானும் அந்தப் பக்கம்தான், அதனாலேயே ஆத்திரம் கூடுதலாக வருகிறது. கூரையில் சோலார் தகடு போட்டால் பெட்ரோல் செலவு குறைந்துவிடும் என்கிற மாதிரிப் பேசுகிறார்கள். எப்படிக் குறையும்? உலகத்தின் மின்சாரத்தில் எண்ணெயிலிருந்து வருவது ஏறக்குறைய 3 சதவீதம்தான். எண்ணெயில் பாதிக்கு மேல் போவது போக்குவரத்துக்கு. ஓடுகிற வண்டி மாறாத வரைக்கும் எத்தனை காற்றாலை நட்டாலும் டேங்க்குக்குள் ஒரு சொட்டு இறங்காது. இதை நேர்மையாகச் சொல்லாமல் விட்டால், தோண்டச் சொல்கிறவன் இந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் பொய் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

உண்மையைச் சொன்னாலே நம் பக்கம் பலமாகத்தானே இருக்கிறது? பெட்ரோல் கார் குடிக்கிற எரிபொருளின் ஆற்றலில் 20-லிருந்து 30 சதவீதம்தான் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. மிச்சமெல்லாம் வெப்பமாக வீணாகிறது. அவ்வளவு காசு கொடுத்து வாங்கியதில் முக்கால்வாசி! மின்சார வண்டியில் 80 சதவீதம் போலச் சக்கரத்துக்குப் போகிறது. 2010-க்குப் பிறகு சோலார் தகட்டின் விலையும் பேட்டரியின் விலையும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக விழுந்திருக்கின்றன. பேட்டரிக்கான கோபால்ட்டைக் காங்கோவில் எப்படித் தோண்டுகிறார்கள், அதில் குழந்தைகள் என்ன பாடுபடுகிறார்கள் என்பதையும் மூடி மறைக்காமல் பேசத்தான் வேண்டும். அந்தச் சுரங்கங்களைச் சரிசெய்யச் சொல்லிச் சண்டை போடலாம், உருக்கி எடுத்த உலோகத்தை மறுபடி பயன்படுத்தலாம். எரித்த பெட்ரோலை யாரும் திருப்பி எடுக்க முடியாது.

இதையெல்லாம்விட எனக்குத் தாங்காதது இந்த மறதி. 1973-ல் அரபு நாடுகள் போட்ட எண்ணெய்த் தடையில் சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெய் விலை நான்கு மடங்கானது. 1979-ல் அமெரிக்க அதிபர் கார்ட்டர் வெள்ளை மாளிகைக் கூரையில் தண்ணீர் சுடவைக்கும் சூரியத் தகடுகளை வைத்தார். 1986-ல் எண்ணெய் விலை தலைகுப்புற விழுந்தது. அதே வருஷம் அந்தத் தகடுகளைக் கழற்றி இறக்கிவிட்டார்கள். விலை இறங்கியதும் புத்தியும் சேர்ந்து இறங்கிவிட்டது. அப்போதிருந்து விடாமல் செய்திருந்தால் இன்றைக்கு எங்கே இருந்திருப்போம்!

விடாமல் செய்தவர்களும் இருக்கிறார்கள். அதே 1973-ல் டென்மார்க் தன் மொத்த எரிசக்திக்கும் பெரும்பாலும் இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை போட்டார்கள். விலை இறங்கிய பிறகும் காற்றாலை வேலையை அவர்கள் கைவிடவில்லை. கடலுக்குள் காற்றாலைப் பண்ணையை உலகில் முதன்முதலாக 1991-ல் வைத்ததும் அவர்கள்தான். இன்றைக்கு அங்கே மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. எண்ணெய் விற்றே பணக்காரனான நார்வேயில் 2024-ல் விற்ற புதுக் கார்களில் 100-க்கு 89 முழு மின்சாரக் கார். எடுத்த எண்ணெயை ஊருக்கு விற்றுவிட்டு, தன் ஆட்களை அதிலிருந்து விடுவித்துக்கொண்டிருக்கிறது. நம்மிடம் மட்டும் இன்னும் "தோண்டு, தோண்டு" என்கிறார்கள்.

ஆகவே விலை இறங்கிய மாதத்தில், எல்லோரும் நிம்மதியாகத் தூங்கும்போது, நான் கேட்கப்போவது இதைத்தான். புதுசாக எத்தனை பஸ் விட்டீர்கள்? வாடகை வீட்டில் இருப்பவன் மின்சார வண்டி வாங்கினால் எங்கே கொண்டுபோய்ச் சார்ஜ் போடுவான்? சம்பளச் சீட்டு இல்லாத ஓட்டுநருக்கு அந்த வண்டி வாங்க எந்த வங்கி கடன் கொடுக்கிறது? மானியம் இரண்டாவது கார் வாங்குகிறவனுக்குப் போகிறதா, ஒரே வண்டியில் குடும்பத்தை ஓட்டுகிறவனுக்குப் போகிறதா? இதற்கெல்லாம் பதில் வைத்திருப்பவர் எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும் உட்கார்ந்து பேசலாம். பதில் இல்லாதவர்கள் அடுத்த விலையேற்றத்தன்று தயவுசெய்து மைக்கைப் பிடிக்காதீர்கள்.