பலம் வேறு, மூச்சு வேறு
45 வயதைத் தாண்டியவர்களுக்கு எடைப் பயிற்சி மட்டும் போதும், வேகமான பயிற்சிகள் மூட்டைக் கெடுக்கும் என்று நான் வாசித்த ஓர் உடற்பயிற்சிக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எனக்கு 49 வயது, ஆறு வருடமாக எடை தூக்குகிறேன். ஆனாலும் திருகோணமலை கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் ஏற்றத்தைக் கொஞ்சம் வேகமாக நடந்தாலே மூச்சு வாங்கியது. அப்புறம்தான் எடை தூக்காத இரண்டு நாட்களில் 15 நிமிடம் இதையும் சேர்த்தேன்: கெட்டில்பெல் (கைபிடி வைத்த இரும்புக் குண்டு) வீச்சு, மணல் மூட்டையைத் தோளில் சுமந்து நடப்பது, உப்புவெளிக் கடற்கரையின் ஈர மணலில் சின்னச் சின்ன ஓட்டம். 30 விநாடி வேகம், 60 விநாடி ஓய்வு. நாலு மாதத்தில் அதே ஏற்றத்தைக் கதைத்துக்கொண்டே ஏறினேன், முழங்காலிலும் வலி இல்லை. குதிக்கும் பயிற்சிகளை மட்டும் தொடவில்லை. கட்டுரையாளரின் பயம் அவற்றுக்குச் சரி, எல்லாவற்றுக்கும் அல்ல. வயதோடு அதிகம் மெலிவது வேகமாகச் சுருங்கும் தசை இழைகள். கால் தடுக்கும்போது சுதாரிக்க அவைதான் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டலும் கிழமைக்கு இரண்டு நாள் தசைப் பயிற்சியோடு நிற்கவில்லை, 75 முதல் 150 நிமிடம் கடும் உடற்பயிற்சியோ அதைவிடக் கூடிய நேரம் மிதமான பயிற்சியோ சேர்த்தே கேட்கிறது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதும்போது தனக்குப் பிரஷர் (இரத்த அழுத்தம்) இருப்பதாகச் சொன்னவர், தயவுசெய்து டொக்டரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை தூக்குவதும் பிரஷரை ஏற்றும்.