பழைய மாணவர் சந்திப்பில் பொன்னாடையைக் குறைத்துப் பாடத்தைக் கூட்டுங்கள்

பழைய மாணவர் சந்திப்பு என்றால் குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு, குழுப் படம், மதியச் சாப்பாடு. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை எங்கே போனாலும் அழைப்பிதழில் இதே வரிசைதான். படித்த இடத்துக்குத் திரும்பி வருகிறவர்களுக்கு அங்கே படிக்க ஒன்றும் இல்லை என்பது பெரிய குறை. கல்லூரிக்குக் குடிநீர் எந்திரம் வாங்கித் தருவது நல்ல காரியம், அது நடக்கட்டும். அதோடு ஆண்டுக்கு நான்கு பொதுச் சொற்பொழிவு நடத்துங்கள். கலை இரண்டு, அறிவியல் இரண்டு. வணிகவியல் படித்தவர் கல்வெட்டைப் பற்றிக் கேட்கட்டும். தமிழ் படித்தவர் உப்புத் தண்ணீரைப் பற்றிக் கேட்கட்டும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1873-லேயே வெளியூர்களுக்குப் போய்ப் பொதுமக்களுக்குச் சொற்பொழிவு நடத்தத் தொடங்கிவிட்டது. கேட்க வந்தவர்கள் கையில் அச்சடித்த பாடக்குறிப்பு இருந்தது, பேச்சோடு சேர்த்து விவாதிக்கத் தனி வகுப்பும் இருந்தது. அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இந்த இரண்டும்தான்.

பெரும்பாலான சொற்பொழிவுகள் தலைப்பிலேயே படுத்துவிடுகின்றன. 'தமிழர் பண்பாடு', 'அறிவியலும் வாழ்க்கையும்' என்று கொடுத்தால் பேசுகிறவர் ஊரெல்லாம் சுற்றிவிட்டு எங்கும் நிற்காமல் இறங்கிவிடுவார். ஒரே ஒரு கேள்வியைக் கொடுங்கள். பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன்னை 'ஆடவல்லான் என்னும் கல்லால்' நிறுத்ததாக வருகிறது. நெல் அளந்த மரக்காலுக்கும் அதே பெயர். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒரு கோயில் தனக்கென்று எடைக்கல்லும் மரக்காலும் வைத்துக்கொண்டது எதற்காக? இந்த ஒரு கேள்விக்கு முக்கால் மணி நேரம் போதாது. கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இயற்பியல் ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து பேசலாம்.

கும்பகோணம் அரசுக் கல்லூரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1880-லிருந்து 1903 வரை அங்கே உ.வே.சாமிநாதையர் தமிழாசிரியர். அடுத்த ஆண்டு, 1904-ல், கணித மேதை ராமானுஜன் அங்கே மாணவராகச் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு பாடத்தில் மனம் செல்லாமல் உதவித்தொகையை இழந்தார். இரண்டு பேரையும் மேடையில் புகழ்வதோடு நிறுத்திவிடுகிறோம், அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. சாமிநாதையர் பதிப்பித்த சீவக சிந்தாமணி 1887-ல் அச்சேறுவதற்கு முன் ஏட்டுக்கு ஏடு மாறும் சொற்கள் எப்படி ஒப்பிடப்பட்டன என்பதை, ஒரே பாட்டின் இரண்டு வடிவங்களைத் திரையில் அருகருகே போட்டு விளக்கலாம். ராமானுஜனுக்குப் புளியங்கொட்டை போதும். 4 கொட்டையைக் குவியல்களாகப் பிரிக்க, ஒரே குவியலாக விடுவதையும் சேர்த்து, 5 வழி. 9 என்றால் 30 வழி, 14 என்றால் 135. மூன்றும் ஐந்தால் வகுபடும். நான்கில் தொடங்கி ஐந்தைந்தாகக் கூட்டிப் போனால் எந்த எண்ணுக்கும் இது பொருந்தும் என்று நிறுவியவர் அவர். முதல் கணக்கைக் கேட்க வந்தவர்களே கையால் பிரித்துப் பார்த்துவிடலாம். எட்டாவது படித்த பிள்ளைக்கும் புரியும்.

கடலோரத்துக் கல்லூரிகளுக்கு நான் முதலில் சொல்வது உப்பைத்தான். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் வீட்டுக்கு வீடு இந்தக் கேள்வி இருக்கிறது. வருகிறவர்கள் ஆளுக்கு அரை லிட்டர் போர் தண்ணீர் கொண்டுவரட்டும். மோட்டாரைப் போட்டு ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடிக்க வேண்டும். அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று முறை அலசிவிட்டுக் கழுத்து வரை நிரப்ப வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவி அரைகுறையாக அலசின பாட்டில் அளவைக் கெடுக்கும். உப்பு கூடக் கூடத் தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாயும், அதை அளப்பது மின்கடத்துதிறன் மீட்டர். அரங்கத்தில் அதை முதலில் 1413 என்று குறித்த, அளவு முன்பே தெரிந்த திட்டக் கரைசலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டால் அன்றைக்கு எடுக்கும் எல்லா எண்ணும் சந்தேகம். நெல்வயல் மண்ணைத் தண்ணீரில் குழைத்து வடித்தெடுத்த நிறைகரைசலில் இந்த அளவு ஒரு மீட்டர் நீளத்துக்கு 3 டெசிசீமன்ஸைத் (மின்கடத்துதிறன் அலகு) தாண்டும்போது விளைச்சல் குறையத் தொடங்கும். அது மண்ணுக்குச் சொன்ன கணக்கு, பாட்டில் தண்ணீருக்கு அப்படியே பொருத்தக் கூடாது. அந்த வித்தியாசத்தை விளக்குவதுதான் அன்றைய பாடம். அவரவர் ஊர்த் தண்ணீரின் எண்ணைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள், ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள்.

நாள் குறிப்பதில் கவனம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூட்டம் வராது. நவம்பர், ஏப்ரலில் செமஸ்டர் தேர்வு இருப்பதால் அரங்கமும் கிடைக்காது. தை முழுக்கச் சம்பா அறுவடை, வைகாசியில் கல்யாணம். ஆடியும் மார்கழியும்தான் நமக்கு வாய்த்த மாதங்கள், முகூர்த்தம் கிடையாது. மார்கழியில் டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்தநாளும் வந்துவிடுகிறது. மாசி மகத்தை ஒட்டிக் கும்பகோணத்தில் வைத்தால் வெளியூர்க்காரருக்குத் தங்க அறை கிடைக்காது, தள்ளிப் போடுங்கள்.

சனிக்கிழமை மாலை 4.30-க்குத் தொடங்கி 6 மணிக்கு முடியுங்கள். பட்டுக்கோட்டைப் பக்கம், திருத்துறைப்பூண்டிப் பக்கம் போகிறவருக்குப் பேருந்து இருக்கும். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினத்திலிருந்து வருகிறவர் மஃரிப் தொழுகைக்குத் தடுமாற வேண்டாம். வரவேற்பு 5 நிமிடம், பேச்சு 45, கேள்வி 35, நன்றி 5. பொன்னாடை வேண்டவே வேண்டாம். பத்துப் பேருக்குப் போர்த்தினாலே அரை மணி நேரம் கரைந்துவிடும், அது கேள்வி நேரத்திலிருந்துதான் போகும். போர்த்திக்கொண்டு பேசுகிறவரின் காலர் மைக்கில் துணி உரசி ஒலிபெருக்கி கரகரக்கும்.

ஒலிபெருக்கிப் பெட்டிகளைப் பேச்சாளருக்குப் பின்னால் வைக்காதீர்கள், மைக் கூவும். அவருக்கு முன்னால், பார்வையாளர் பக்கம் திருப்பி வையுங்கள். கல்லூரி அரங்கங்கள் பெரும்பாலும் வெறும் சுவர், தகரக் கூரை, எதிரொலி அதிகம். சன்னல் பக்கம் கனத்த திரை போட்டு ஆட்களை முன்வரிசையிலிருந்து நிரப்பினால் பாதி சரியாகும். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துச் சோதியுங்கள், காலி அரங்கத்தில் மின்விசிறி இல்லாமல் சோதித்தது மாலையில் உதவாது.

படவில்லைகளில் நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. பேச்சாளர் பழைய பாமினி எழுத்துருவில் அடித்துக் கொண்டுவருவார், கல்லூரிக் கணினியில் அந்த எழுத்துரு இருக்காது, திரையில் ஆங்கில எழுத்துக் குப்பை நிற்கும். மூன்று நாள் முன்னதாகப் பிடிஎஃப் ஆக வாங்கி அதே கணினியில் திறந்து பாருங்கள். எழுத்து 32 புள்ளிக்குக் குறையக் கூடாது. 'ண', 'ன', 'ஞ' சுழிகள் கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டுமே. பழைய புரொஜெக்டரில் விஜிஏ துளைதான் இருக்கும், அதற்கான மாற்றியைக் கையோடு வைத்திருங்கள். கரண்டு போனால் கரும்பலகை உண்டு, சாக்பீஸ் மட்டும் எடுத்து வையுங்கள்.

பேச்சாளர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் ஒத்திகை வேண்டும். இரண்டு வாரம் முன்னால், அந்தப் பாடம் படிக்காத பழைய மாணவர் இருவர் உட்கார்ந்து கேட்கட்டும். அவர்களுக்குப் புரியாத சொல் வந்த இடத்தில் கை தூக்கட்டும். பேச்சு தமிழில் இருக்கட்டும். கலைச்சொல்லுக்குத் தமிழ் இருந்தால் தமிழ், பழகிய ஆங்கிலச் சொல் என்றால் அதுவே. சொல்லைத் தேடித் திணறும் நேரத்தில் கருத்து நழுவிவிடும்.

கேள்விகளை எழுதி வாங்குங்கள். மைக்கை நீட்டினால் சிலர் கேள்வி கேட்காமல் தனிச் சொற்பொழிவே நிகழ்த்துவார்கள், பின்வரிசைப் பெண்களும் இந்நாள் மாணவர்களும் வாயே திறக்க மாட்டார்கள். நாற்காலிக்கொரு அஞ்சலட்டை அளவுத் தாள், வாசலில் பென்சில் டப்பா. மாணவர் இருவர் ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து அடுக்கித் தரட்டும்.

அழைப்பை வாட்ஸ்அப்போடு நிறுத்தாதீர்கள். அந்தக் குழுக்களில் பெரும்பாலும் சமீபத்தில் படித்தவர்கள்தான் இருப்பார்கள். பழைய சேர்க்கைப் பதிவேட்டில் ஊர் இருக்கும். ஊருக்கு ஒருவரைப் பிடித்தால் மற்றவரைத் தேடித் தந்துவிடுவார். கல்யாணமாகி ஊர் மாறிய பெண்கள்தான் இதில் அதிகம் விட்டுப்போகிறார்கள், அவர்களைத் தோழிகள் வழியாகத்தான் பிடிக்க முடியும்.

வழிச்செலவைப் பேச்சாளர் கிளம்புவதற்கு முன்பே உறையில் கொடுத்துவிடுங்கள். நேரமின்மையால் விட்டுப்போன கேள்வித் தாள்களை அவரிடமே அனுப்பி இரண்டு வரிப் பதில் வாங்கி, பாடக்குறிப்போடு தைத்துக் கல்லூரி நூலகத்தில் வையுங்கள். அடுத்த தலைப்பு அந்தத் தாள்களிலிருந்தே கிடைக்கும்.