சுருக்கம் வேண்டாம், முழுதாகச் சொல்லுங்கள்

என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. எனக்குக் கேட்கும். எனக்கு முதலில் வந்த மொழி சைகை. பேச்சு, பாட்டியிடமிருந்தும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடமிருந்தும் அப்புறம் வந்தது. இதைச் சொன்னதும் பலர் முகம் வாடிப்போகிறது. வாட வேண்டியதே இல்லை. எங்கள் வீடு கலகலப்பான வீடு.

வாசலில் மணியை அழுத்தினால் கூடத்தில் விளக்கு மின்னும். ஆளைக் கூப்பிட வேண்டுமா, தோளைத் தொடுவோம். தள்ளி இருந்தால் கையை வீசுவோம், அதுவும் கண்ணில் படாவிட்டால் தரையைக் காலால் தட்டுவோம், அதிர்வு போய்ச் சேர்ந்துவிடும். காது கேளாதோர் சங்கத்து நண்பர்கள் வந்தால் வட்டமாகத்தான் உட்காருவார்கள், எல்லார் கையும் எல்லாருக்கும் தெரிய வேண்டுமே. ஜன்னலுக்கு முதுகு காட்டி ஒருவரும் உட்கார மாட்டார்கள். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் முகம் இருண்டுவிடும், முகம் தெரியாவிட்டால் பாதி இலக்கணம் போய்விடும். எங்கள் சைகையில் புருவத்தை உயர்த்தினால்தான் அது கேள்வி. "கிளம்புகிறோம்" என்று எழுந்த பிறகு வாசலில் நின்று இன்னும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். அந்தப் பேச்சைப் பார்த்தபடியே தூங்கிப்போன ராத்திரிகள் எனக்கு நிறைய உண்டு.

எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது அம்மாவுக்கு வயிற்றுவலி வந்தது. மருத்துவமனைக்கு நான்தான் கூடப் போனேன். டாக்டர் அம்மாவைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்தே பேசினார். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, புற்றாக இருக்கலாம், சதையெடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார். "அம்மாகிட்ட சொல்லும்மா." கர்ப்பப்பைக்கு எனக்குச் சைகை தெரியாது. அந்த வயதில் அந்தச் சொல்லே அரைகுறையாகத்தான் தெரியும். புற்று என்றால் என்னவென்று தெரியும். அதைச் சொல்ல என் கை எழவில்லை. "சின்னக் கட்டி, டெஸ்ட் எடுப்பாங்க, சரியாயிடும்" என்று காட்டினேன். அம்மா தலையாட்டிவிட்டு, கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டார்.

நல்லவேளை, சாதாரணக் கட்டிதான். ஆனால் என்ன சந்தேகப்பட்டார்கள் என்பது அம்மாவுக்குத் தெரிய இரண்டு வருடம் ஆனது. பழைய ஃபைலைப் படித்த ஒரு சிநேகிதி சொல்லித்தான் தெரிந்தது. அம்மா என்னைத் திட்டவில்லை. "என் உடம்பு. எனக்குத் தெரியாத விஷயம் உனக்குத் தெரிந்திருந்தது" என்று மட்டும் சைகை செய்தார். இன்றைக்கும் அந்த இரண்டு வாக்கியம் என்னை உறுத்துகிறது.

காது கேளாதவர்களுக்கு உலகம் சுருக்கமாகத்தான் வந்து சேருகிறது. என் பெரிய மனக்குறை இதுதான். எதை விடுவது, எதைச் சொல்வது என்பதைக் காது கேட்கிற யாரோ ஒருவர் தீர்மானிக்கிறார். அந்த ஒருவர் சில சமயம் பதினொரு வயதுப் பிள்ளை.

குடும்பமாகக் கூடும்போது கவனித்துப் பாருங்கள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என்ன என்று அப்பா கேட்பார். "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்." அந்த அப்புறம் வராது. வந்தாலும் அரை மணி நேரப் பேச்சு, "சித்தப்பா வேலையைப் பத்திப் பேசினாங்க" என்று ஒரு வரியாக வரும். உறவினர் வாட்ஸ்அப் குழுவில் முக்கால்வாசி வாய்ஸ் மெசேஜ். வங்கிக்கு ஏதாவது சந்தேகம் வந்தால் போன் செய்து, கணக்கு வைத்திருப்பவரே பேச வேண்டும் என்கிறார்கள். மெசேஜ் அனுப்புங்கள் என்று நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

"உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுப்பாங்களே" என்று சிலர் கேட்பார்கள். கண்ணாடி முன் நின்று, சத்தம் வராமல், பணம், மணம், மனம் என்று சொல்லிப் பாருங்கள். மூன்றுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். மாடு, பாடு இரண்டுக்கும் அப்படித்தான். க என்கிற எழுத்து உள்ளேயே பிறந்து உள்ளேயே போய்விடும், உதட்டில் ஒன்றும் தெரியாது. மிச்சத்தை எல்லாம் ஊகித்துத்தான் நிரப்ப வேண்டும். டாக்டர் முகக்கவசம் போட்டிருந்தால் அதுவும் இல்லை. "எழுதிக் காட்டலாமே" என்பது அடுத்த கேள்வி. எழுதலாம், பல இடங்களில் உதவும். ஆனால் பிறவியிலிருந்தே காது கேட்காத பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. அதன் இலக்கணம் வேறு, சைகையின் இலக்கணம் வேறு. நோயைப் பற்றியோ வழக்கைப் பற்றியோ இரண்டாம் மொழியில், துண்டுச் சீட்டில் தெரிந்துகொள்ள நாம் யாரும் சம்மதிக்க மாட்டோம்.

இந்த நிலைமைக்கு ஒரு வரலாறு உண்டு. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கு ஒரு சர்வதேச மாநாடு நடந்தது. 164 பிரதிநிதிகளில் காது கேளாதவர் ஒரே ஒருவர். பள்ளிகளில் சைகையை விட்டுப் பேச்சு முறையில் மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அதன் பிறகு பல நாடுகளில் வகுப்பறைகளிலிருந்து சைகை விரட்டப்பட்டது, காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். 2010-இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. நடுவில் 130 வருடம். என் அப்பாவின் பள்ளிக்காலமும் அதற்குள்தான் வருகிறது. வகுப்பில் கை அசைத்தால் ஸ்கேலால் கையிலேயே அடி விழும், அதனால் மேஜைக்கு அடியில் பேசிக்கொள்வோம் என்பார்.

சட்டத்தில் எழுத வேண்டியதை எழுதிவிட்டார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக ஐ.நா. 2006-இல் ஏற்ற உடன்படிக்கை, மொழி என்றால் பேச்சுமொழியும் சைகைமொழியும் சேர்ந்ததுதான் என்று வரையறுக்கிறது. தொழில்முறை சைகை மொழிபெயர்ப்பாளர்கள் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. செப்டம்பர் 23 சர்வதேச சைகை மொழிகள் தினம். 1951-இல் உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பு தொடங்கப்பட்ட நாள் அது. அன்றைக்கு மேடையில் வாழ்த்திவிட்டு மறுநாள் "வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்று சொல்கிற அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன.

வீட்டு ஆள் மொழிபெயர்ப்பாளர் ஆக முடியாது. எனக்குச் சைகை சரளமாக வரும், ஆனாலும் நான் தகுதியானவள் இல்லை. எனக்குப் பாசம் இருக்கிறது, பயம் இருக்கிறது, மறைக்கத் தோன்றுகிறது. முறையாகப் பயிற்சி பெற்றவர் எதையும் கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார். கேட்டதை வெளியே சொல்லவும் மாட்டார். அம்மா "எனக்கு வலிக்கிறது" என்றால் அவரும் "எனக்கு வலிக்கிறது" என்றுதான் சொல்வார், "அவங்களுக்கு வலிக்குதாம்" என்று சொல்வதில்லை. கவனம் சிதறாமல் செய்ய வேண்டிய கடினமான வேலை, அதனால் நீண்ட கூட்டங்களில் இருவர் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறி மாறிச் செய்வார்கள். இதற்கு ஒழுங்கான சம்பளம் தர வேண்டும். "சேவையா செஞ்சு கொடுங்களேன்" என்று கேட்பது எனக்குப் பிடிக்கவே இல்லை.

எங்கள் சங்கம் ஒரு மருத்துவமனையில் இரண்டு கோரிக்கை வைத்தது. டோக்கன் எண்ணைச் சத்தமாகக் கூப்பிடுவதோடு திரையிலும் காட்ட வேண்டும், முன்கூட்டியே சொன்னால் மொழிபெயர்ப்பாளரை வரவழைக்க வேண்டும். பேசப் போன அன்று நிர்வாகி எங்கள் தலைவரை விட்டுவிட்டு என்னிடமே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் நான் தலைவர் பக்கம் கையைக் காட்டினேன். நாலாவது முறைக்கு மேல் அவர் நாற்காலியைத் தலைவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அதன் பிறகு கூட்டம் நன்றாகவே நடந்தது. திரை வந்துவிட்டது. காது கேட்கிற நோயாளிகளும் இப்போது அதைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் ஏற்பாட்டுக்குத்தான் நாங்கள் ஏழு மாதம் அலைய வேண்டியிருந்தது.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ வேலையிடத்திலோ காது கேளாதவர் இருந்தால், அவர் "என்ன?" என்று கேட்கும்போது பேச்சை நிறுத்திவிட்டு அப்போதே முழுதாகச் சொல்லுங்கள். சைகை தெரியாவிட்டால் போனில் தட்டிக் காட்டுங்கள். வதந்தியோ சிரிப்போ சண்டையோ, அதுவும் அவருக்குச் சேர வேண்டியதுதான். காது கேளாத குழந்தை பிறந்திருக்கிற வீட்டுக்காரர்களே, கருவி பொருத்தினாலும் சைகையையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். சங்கத்துப் பெரியவர்கள் ஆசையாகச் சொல்லித் தருவார்கள்.

வியாழக்கிழமை அம்மாவுக்கு மறுபடி ஒரு பரிசோதனை. மொழிபெயர்ப்பாளர் வருவது உறுதியாகிவிட்டது. நான் உள்ளே வர வேண்டாம், வண்டியில் கொண்டுவிட்டால் போதும் என்று அம்மா நேற்று வீடியோ காலில் சொல்லிவிட்டார்.