திருவதிகையில் நின்றுபோன பயணம்

கோயிலுக்குக் கிளம்பிப் பாதி வழியில் உடம்பு படுத்தித் திரும்பி வந்தால் சொந்தக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, "என்ன குறை வெச்சீங்க?" என்பதுதான். பழைய வேண்டுதல் ஏதாவது பாக்கியா, குலதெய்வத்திடம் சொல்லாமல் கிளம்பினீர்களா, ராகுகாலத்தில் வண்டி எடுத்தீர்களா என்று ஒவ்வொருவராகப் போனில் விசாரிக்கிறார்கள். அக்கறையில்தான் கேட்கிறார்கள், தெரியும். ஆனாலும் இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். நோய் வந்தால் அது சாமி கோபம் என்று நினைக்கிறவர்கள் ஒருதடவை பண்ருட்டி பக்கத்தில் இருக்கும் திருவதிகைக் கோயிலுக்குப் போய்விட்டு வர வேண்டும்.

நாங்கள் கிளம்பியது கும்பகோணத்துக்கு. நவக்கிரகக் கோயில்களைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் மாமியாரின் ரொம்ப நாள் ஆசை. நாங்கள், நாத்தனார் வீட்டார், என் அக்கா எல்லோரும் ஒரே வேனில் சென்னையிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டோம். விழுப்புரம் வருவதற்குள் எனக்கு வயிறு புரட்ட ஆரம்பித்துவிட்டது. முதலில் வாந்தி, அப்புறம் வயிற்றுப்போக்கு. நெடுஞ்சாலையில் ஒரு பெண்ணுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் படும் பாடு பெண்களுக்குத்தான் தெரியும். பெட்ரோல் பங்க் கழிப்பறையில் பூட்டுத் தொங்கும். சாவி வைத்திருப்பவர் டீ குடிக்கப் போயிருப்பார்.

வேன் ஓட்டிய தம்பியைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். நான் வாய் திறப்பதற்கு முன்பே கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டிவிடுவார். ஒருதடவை எனக்கு அடக்க முடியாமல் காலடி மேட் முழுக்க ஆகிவிட்டது. வீட்டு ஆட்களே ஒரு நொடி தயங்கினார்கள். அவர் தயங்கவில்லை. மேட்டை உருவி எடுத்துக்கொண்டு போய் ஒரு டீக்கடைக் குழாயில் கழுவி, வெயில்படும்படி வேன் மேல் கேரியரில் விரித்துக் கட்டினார். "இதெல்லாம் ஒரு விஷயமாக்கா, நீங்க படுங்க" என்றார். எங்கள் ஊர்க்காரர் இல்லை, உறவு இல்லை, அன்று காலையில்தான் முதன்முதலாகப் பார்க்கிறோம்.

பண்ருட்டியில் இறங்கினோம். சின்ன கிளினிக். அந்த டாக்டரம்மா நாடி பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, தோலைக் கிள்ளிப் பார்த்தார். "வாயால் குடிக்க முடிகிறவரைக்கும் டிரிப்ஸ் வேண்டாம்" என்று சொல்லி ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எழுதிக்கொடுத்தார். மொத்தமாகக் குடித்தால் வெளியே வந்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்று அக்காவிடம் இரண்டு தடவை சொன்னார்.

அன்று ராத்திரி லாட்ஜில் அக்காதான் எனக்குத் துணை. ஒரு லிட்டர் தண்ணீரில் பாக்கெட்டை முழுசாகக் கரைத்து, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, ஸ்பூனால் ஊட்டினாள். ஒரு ஸ்பூன் கொடுப்பாள், விழுங்குகிறேனா என்று தொண்டையைப் பார்ப்பாள், கொஞ்ச நேரம் விடுவாள், மறுபடி ஒரு ஸ்பூன். வாந்தி வந்தால் வாய் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். ஐம்பது வயதைத் தாண்டிய மனுஷி, அவளுக்கே முழங்கால் வலி. கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அப்போது எந்த மந்திரமும் வாயில் வரவில்லை. "போதும் சாமி, என்னால முடியல" என்பது மட்டும்தான் திரும்பத் திரும்ப வந்தது.

மறுநாள் சாயங்காலம் எழுந்து நடக்க முடிந்தது. திருவதிகை பக்கத்திலேயே இருக்கிறது, ஆட்டோவில் போய்விடலாம் என்றாள் அக்கா. போனோம்.

திருநாவுக்கரசர் கதை சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தச் சந்நிதியில் நின்றபோது அது வேறு கதையாக இருந்தது. பெரியபுராணம் சொல்வது இது: திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் (திருநாவுக்கரசரின் இயற்பெயர்) சமண சமயத்தில் சேர்ந்து தருமசேனர் என்று பேர் பெற்றவர். அவருக்குச் சூலை நோய், அதாவது கடுமையான வயிற்றுவலி, வந்தது. எந்த வைத்தியமும் கேட்கவில்லை. தாங்க முடியாமல், ஒரு சமையல்காரரை அனுப்பித் தமக்கை திலகவதியாருக்குச் சொல்லிவிட்டார். தமக்கை அந்தச் சமண மடத்துக்கு வர மறுத்துவிட, ராத்திரியோடு ராத்திரியாகத் தாமே கிளம்பித் திருவதிகைக்கு வந்து தமக்கையின் காலில் விழுந்தார். திலகவதியார் என்ன குறை வைத்தாய் என்று கேட்கவில்லை. திருநீறு கொடுத்தார். விடிவதற்கு முன்னால் கோயிலைக் கூட்டி மெழுகப் போகும்போது தம்பியையும் கூடவே அழைத்துக்கொண்டு போனார். அங்கே தம்பி பாடியதுதான் 'கூற்றாயினவாறு' என்று தொடங்கும் பதிகம். அவருடைய முதல் பதிகமே அதுதான்.

அந்தப் பாட்டின் பொருளைக் கவனித்துப் பாருங்கள். முதல் பாட்டில் மோட்சம் கேட்கவில்லை, ஞானம் கேட்கவில்லை. வயிற்றுக்குள்ளே குடலைப் பிடித்து முடக்குகிறது, என்னால் தாங்க முடியவில்லை, ஏன் இன்னும் விலக்காமல் இருக்கிறீர் என்று கெடிலம் ஆற்றங்கரையில் இருக்கும் சாமியிடம் முறையிடுகிறார். நான் செய்த கொடுமைகள் எதையும் அறியேன் என்றும் சொல்கிறார். கிட்டத்தட்ட 1400 வருஷமாக நாம் பாடிக்கொண்டு வரும் தேவாரத்தில் ஒரு பெரும்பகுதி இப்படி ஒரு வயிற்றுவலிக்காரரின் முறையீட்டில் தொடங்கியிருக்கிறது. அப்படியிருக்க, நான் ராத்திரி முழுக்கப் புலம்பினதும் பிரார்த்தனைதான் என்று எனக்கு அங்கே உறுதியாகப் பட்டது. நல்ல உடம்போடு, குளித்து, பூ வாங்கிக்கொண்டு போய் நிற்கும்போது மட்டும்தான் சாமி கேட்பார் என்றால் அவரை நம்பி என்ன பயன்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "சாமிதான் காப்பாத்தினார்" என்று நானும் சொல்கிறேன், மனசாரச் சொல்கிறேன். அதைச் சொல்லிவிட்டு மனுஷர்களுக்கு நன்றி சொல்லாமல் விடுவது எனக்குப் பிடிக்காது.

அந்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்குப் பின்னாலும் ஒருவர் இருக்கிறார். 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையோரப் பன்காவ் முகாமில் அகதிகள் காலராவில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். நரம்பில் ஏற்றுகிற சலைன் தீர்ந்துபோனது. திலீப் மஹலனாபிஸ் என்ற கொல்கத்தா டாக்டர், உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைப் பெரிய டிரம்களில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் வீட்டாரையே எடுத்துக் கொடுக்கச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே போனது. குடலில் சர்க்கரை உள்ளே போகும்போது உப்பையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும், உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகும். சூட்சுமம் இவ்வளவுதான். அவர் 2022-ல் காலமானார். அடுத்த வருஷம் பத்மவிபூஷண் அறிவித்தார்கள். அந்த முகாமில் தாயும் தங்கையும் ஊட்டியதைத்தான் பண்ருட்டியில் என் அக்கா எனக்கு ஊட்டினாள். இப்போது பூஜை அறையில் நான் நன்றி சொல்லும்போது அந்த டாக்டர் பேரும் வருகிறது. மாமியார் முதலில் வித்தியாசமாகப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும், "சொல்லு, நல்லா சொல்லு" என்றார்.

என்னுடையது ரெண்டு நாளில் சரியாகிற வயிற்றுக்கோளாறு. கீமோ வார்டில் மகனோடு உட்கார்ந்திருக்கும் ஒரு தாயிடம் போய், "நன்றியோடு இருங்கள், நம்பிக்கை வையுங்கள்" என்று பேச எனக்கு எந்த உரிமையும் இல்லை. அவர்கள் கோயிலுக்கு வந்து திட்டினாலும், அழுதாலும், வராமலே இருந்தாலும் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களிடம் மட்டுமாவது "என்ன தோஷமோ" என்று கேட்காதீர்கள். ஏற்கெனவே வலியில் இருப்பவர்மேல் குற்றத்தையும் தூக்கி வைக்கிற பேச்சு அது.

வேனில் போகிறவர்கள் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, அளவு தப்பாமல். குடிப்பதெல்லாம் வெளியே வந்தாலோ, சிறுநீர் போவது நின்றாலோ, ரத்தம் கலந்து போனாலோ அதை நம்பி உட்காராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நவக்கிரகம் ஒன்றுகூடப் பார்க்காமல்தான் திரும்பினோம். மாமியாருக்கு அதில் வருத்தம் இல்லை, திருவதிகையே போதும் என்றார். இருந்தாலும் தை பிறந்ததும் மறுபடி கிளம்புகிறோம், முதலில் சூரியனார்கோயில். அதே வேனுக்குத்தான் சொல்லியிருக்கிறோம். அந்தத் தம்பியே ஓட்ட வருகிறார்.