பச்சை லேசரை அழுத்துவதற்கு முன் வானத்தை ஒரு சுற்று பாருங்கள்

வானம் காட்டுகிறவர் கையில் பச்சை லேசர் இருக்கட்டும். ஆனால் கூட்டத்தில் அவர் ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். இதைத்தான் சொல்ல வந்தேன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இருட்டில் நின்று, "அதோ அந்தப் பிரகாசமான நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் கீழே" என்று விரலை நீட்டினால் பத்துப் பேர் பத்து நட்சத்திரத்தைப் பார்ப்பார்கள். அதுவே லேசர் கோடு நீண்டுபோய்க் கேட்டை நட்சத்திரத்தைத் தொடுகிற மாதிரி நின்றால், பக்கத்தில் நிற்கும் எல்லோருக்கும் ஒரே இடம்தான் தெரியும். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் வசிட்டரை ஒட்டி மங்கலாக இருக்கும் அருந்ததியை ஒரு பிள்ளை தானாகவே கண்டுபிடித்துவிட்டு "தெரியுது, தெரியுது!" என்று கத்துவதைக் கேட்டவர்களுக்கு இந்தக் கருவியின் அருமை புரியும். லேசரே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் "எவ்வளவு பவர் வாங்கலாம்?" என்ற கேள்வியைக் கேட்டாலே எனக்குக் கவலையாகிவிடும். காற்றிலுள்ள மூலக்கூறுகளும் தூசியும் ஒளியைச் சிதறடிப்பதால்தான் கோடு தெரிகிறது. 532 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை நம் கண்ணுக்கு நன்றாகவே புலப்படும் என்பதால் நல்ல இருட்டில் 5 மில்லிவாட் தாராளம். அதைத் தாண்டினால், லேசர்களை ஆபத்தின் அளவுப்படி பிரிக்கும் வகுப்புகளில் 3பி வகுப்பு. அங்கே கண் சிமிட்டுவதற்குள் விழித்திரை காயப்பட்டுவிடலாம். மலிவுச் சரக்கில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பெரும்பாலான பச்சை லேசர்களுக்குள் முதலில் உருவாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புதான். 808 நானோமீட்டர் ஒளி ஒரு படிகத்தில் 1064 ஆகி, இன்னொரு படிகத்தில் 532 ஆகிறது. மிச்ச அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். 2010இல் அமெரிக்கத் தர அளவை நிறுவனமான நிஸ்ட் சோதித்த ஒரு மலிவு லேசரில் பச்சை மங்கலாக இருக்க, அகச்சிவப்பு மட்டும் சுமார் 20 மில்லிவாட் வந்தது. பச்சை மங்கல்தானே என்று அதை நம்பிக் குழந்தையிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது விமானம். லேசர் கற்றை போகப்போக விரியும். வழக்கமான சிறு லேசர் ஒன்று 3 கிலோமீட்டர் தள்ளி ஏறக்குறைய 3 மீட்டர் அகலமாகிவிடும். அந்தத் தூரத்தில் 5 மில்லிவாட் கண்ணைக் கெடுக்காது, ஆனால் விமானியின் கவனத்தைச் சிதறடிக்கப் போதும். இருட்டுக்குப் பழகிய கண், கீறல் விழுந்த முன்கண்ணாடி, தரையிறங்கும் நேரம். மூன்றும் சேர்ந்தால் சில விநாடித் தடுமாற்றமே பெரிது. நம்மை நோக்கி நேராக வரும் விமானத்தின் முன்விளக்கு அசையாமல், மின்னாமல், வெள்ளி கிரகம் மாதிரியே நிற்கும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. அதனால் பளிச்சென்று புதிதாக ஒன்று தெரிந்தால் உடனே அதன்மேல் லேசரைப் பாய்ச்சாதீர்கள். கொஞ்ச நேரம் பாருங்கள். நகர்ந்தாலோ, வர வரப் பெரிதானாலோ, கை பொத்தானிலிருந்து விலகட்டும்.

ஹவாயின் மௌனா கீ மலையில் பெரிய தொலைநோக்கிகள் காற்றின் கலக்கத்தை அளந்து படத்தைச் சரிசெய்வதற்காக 90 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கை நட்சத்திரம் (ஓர் ஒளிப்புள்ளி) உண்டாக்க லேசர் பாய்ச்சும்போது, விமானம் வருகிறதா என்று பார்ப்பதற்கென்றே பல ஆண்டுகள் குளிரில் ஆட்களை வெளியே நிறுத்தினார்கள். அவ்வளவு பெரிய ஆய்வகங்களே அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்கின்றன. நாம் ஒருமுறை தலையைச் சுற்றிப் பார்ப்பதில் என்ன சிரமம்?

சட்டமும் கடுமைதான். அமெரிக்காவில் 2012 முதல், தெரிந்தே விமானத்தின்மீது லேசர் காட்டினால் 5 ஆண்டு வரை சிறை. பிரிட்டனில் 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி வாகனம், விமானம் எதை ஓட்டுபவரின் கண்ணைக் கூசவைத்தாலும் அதே அளவு தண்டனை கிடைக்கலாம். ஆஸ்திரேலியாவுக்குள் 1 மில்லிவாட்டுக்கு மேற்பட்ட கையடக்க லேசரை அனுமதியில்லாமல் கொண்டுவர முடியாது. சுவிட்சர்லாந்தில் மிகக் குறைந்த வகுப்பைத் தவிர மற்றதை வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டுக்கு வானம் பார்க்கப் போகிறவர்கள் பெட்டியில் போடுமுன் அந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்குள் நடந்துகொள்வது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தொலைநோக்கியோடு லேசரைப் பொருத்தித் தொடர்ந்து எரியவிடாதீர்கள். அழுத்தினால் மட்டும் எரியும் பொத்தான் போதும், இலக்கு தேட, தொலைநோக்கியில் பொருத்தும் சிவப்புப் புள்ளிக் காட்டி (வானத்தில் ஒளி பாய்ச்சாமல், பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும் புள்ளி காட்டுவது) இருக்கவே இருக்கிறது. யாராவது பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தத் திசைப் பக்கமே வேண்டாம். கற்றை நேராக லென்ஸில் விழுந்தால் அவ்வளவு ஒளியையும் அது குவித்துக் கண்ணுக்குள் அனுப்பிவிடும். பக்கத்தில் படம் எடுப்பவர் இருந்தால், "கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருக்கு?" என்று முதலில் கேளுங்கள். மணிக்கணக்கில் சேர்த்த ஒளிப்படத்தின் ஒரு பிரேமில் உங்கள் பச்சைக் கோடு விழுந்துவிட்டால், அந்த பிரேமை அவர் தூக்கித்தான் போட வேண்டும்.