பழைய பேய்ப்படம் பயமுறுத்தவில்லையா? முதலில் டிவி செட்டிங்கைப் பாருங்கள்

“அந்தக் காலத்துப் பேய்ப்படம் பார்த்தா இப்போ சிரிப்புதான் வருது.” இதைப் படிக்கும்போதெல்லாம் ஆதங்கமாக இருக்கிறது. சிரிப்பு வந்தது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் பார்த்தது எந்தப் பிரதி? ஓடியது எந்த வேகத்தில்? ஓரங்கள் வெட்டுப்படாமல் இருந்தனவா? பயமுறுத்துவது நுணுக்கமான வேலை. வெளிச்சம் ஒரு படி கூடினாலே அது கலைந்துவிடும்.

‘நோஸ்ஃபெராட்டு’வையே எடுத்துக்கொள்வோம். முர்னாவ் இயக்கி 1922-இல் வந்த மௌனப்படம். அன்றைய ஃபிலிமுக்கு இருட்டில் படம்பிடிக்கும் திறன் போதாது. அதனால் வெளிப்புற இரவுக் காட்சிகளைப் பகலிலேயே எடுத்துவிட்டு, திரையிடும் பிரதிக்கு நீலச் சாயம் ஏற்றினார்கள். நீலம் என்றால் இரவு, மஞ்சள் என்றால் பகல், இளஞ்சிவப்பு என்றால் விடியல். பார்வையாளர்கள் நிறத்தைப் பார்த்தே பொழுதைப் புரிந்துகொண்டார்கள். இணையத்தில் சுற்றும் பல பிரதிகளில் இந்தச் சாயம் கிடையாது, வெறும் கருப்பு வெள்ளைதான். விளைவு என்ன? சூரிய வெளிச்சம் பட்டால் சாக வேண்டிய ரத்தக்காட்டேரி, பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடக்கிறான். கதையின் ஆணிவேரே அறுந்துவிடுகிறது. சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

வேகமும் இப்படித்தான். மௌனப்பட கேமராவைக் கையால் சுழற்றினார்கள், அதனால் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப்படங்கள், என்ற கணக்கு அப்போது கிடையாது. 18 பிரேமில் 94 நிமிடம் ஓடும் படத்தை 24-இல் ஓட்டினால் ஏறக்குறைய 70 நிமிடத்தில் முடிந்துவிடும். எல்லோரும் குடுகுடுவென்று ஓடுவார்கள். இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. காட்டுப் பாதையில் ரத்தக்காட்டேரிப் பிரபுவின் வண்டி வரும் காட்சியை முர்னாவ் வேண்டுமென்றே வெட்டி வெட்டி ஓடும்படி வேகமாக்கியிருந்தார். மனிதர்கள் சாதாரணமாக நடக்க, அந்த வண்டி மட்டும் வேறு உலகத்திலிருந்து வருவது போலத் தெரிய வேண்டும். படமே வேகமாக ஓடினால் அந்த வேறுபாடு எங்கே தெரியும்? பிரதி தேடும்போது ஓடும் நேரத்தை முதலில் பாருங்கள். 90 நிமிடத்துக்கு மேல் இருந்து, நிறச்சாயமும் இருந்தால் நம்பி உட்காரலாம். முர்னாவ் அறக்கட்டளை 2006-இல் மீட்டெடுத்த பதிப்பு அப்படிப்பட்டது. ‘டிராகுலா’ நாவலை அனுமதி வாங்காமல் படமாக்கியதற்காக நாவலாசிரியரின் மனைவி வழக்குப் போட்டு, எல்லாப் பிரதிகளையும் அழிக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டிருந்த படம் இது. அதையும் தாண்டித் தப்பி வந்ததை அரைகுறையாகப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

அடுத்தது இருட்டு. ‘ஹாலோவீன்’ (1978) படத்தின் கடைசிப் பகுதியில் கதாநாயகி சுவரோரம் சாய்ந்து அழுதுகொண்டிருப்பாள். அவளுக்குப் பின்னால் ஒரு வாசல், உள்ளே கும்மிருட்டு. அந்த இருட்டுக்குள்ளிருந்து கொலைகாரனின் வெள்ளை முகமூடி மெல்ல மெல்லத் தெரியவரும். கதவு திறக்கவில்லை, யாரும் நகரவும் இல்லை. ஒளிப்பதிவாளர் டீன் கண்டி ஒரு சிறிய விளக்கை டிம்மரில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியதுதான் அந்த வித்தை. உங்கள் டிவியில் பிரைட்னஸ் அதிகமாக இருந்தால் முகமூடி முன்கூட்டியே தெரிந்துவிடும். மிகக் குறைவாக இருந்தால் திடீரென்று வந்தது போல இருக்கும். இந்தக் காட்சியையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். விளக்கு கூடுவதற்கு முன் வாசல் வெறும் கருப்பாகத் தெரிய வேண்டும். பல டிவிகளில் பிரைட்னஸ் என்பது கருப்பின் ஆழத்தை மாற்றுவது, பேக்லைட் என்பது திரையின் வெளிச்சத்தை மாற்றுவது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அதே படம் 2.35-க்கு 1 என்ற அகலத் திரைக்காக எடுக்கப்பட்டது. பழைய சதுர டிவிக்காக வெட்டிய பிரதியில் அகலத்தில் 40 சதவீதத்துக்கும் மேல் காணாமல் போய்விடும். கொலைகாரன் ஓரத்தில்தான் நிற்பான்! மேலும் கீழும் கருப்புப் பட்டை இருக்கிறதே என்று ஜூம் பட்டனை அழுத்தாதீர்கள்.

செட்டிங்கில் மாற்ற வேண்டியவை அதிகமில்லை. ஃபில்ம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் சினிமா அல்லது மூவி மோட். மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்தே ஆக வேண்டும். ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ என்று கம்பெனிக்கு ஒரு பெயர். 24 பிரேம்களுக்கு நடுவே டிவி தானாகப் பிரேம்களை உருவாக்கிச் செருகுவதால்தான் சினிமா சீரியல் மாதிரி ஆகிவிடுகிறது. ஷார்ப்னஸைக் குறையுங்கள். எனர்ஜி சேவிங்கையும் அணையுங்கள், அது இருட்டுக் காட்சி பார்த்து வெளிச்சத்தை ஏற்றி இறக்கும்.

‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியீட்டின்போது படத்தின் பெயரை மாற்றியவர்கள் புதிய டைட்டிலில் காப்புரிமைக் குறிப்பைப் போட விட்டுவிட்டார்கள். அந்த ஒரு வரி இல்லாததால் அமெரிக்காவில் படம் பொதுச்சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்தார்கள், பிரதியிலிருந்தும் பிரதி எடுத்தார்கள். மூல நெகட்டிவிலிருந்து 2016-இல் மீட்டெடுத்த பதிப்பைத் தேடிப் பாருங்கள். தொடக்கத்தில் கார் கல்லறைக்குள் வரும்போது கிளையும் இலையும் தனித்தனியாகத் தெரியும். புதுக் காட்சிகளும் புது இசையும் சேர்த்து 1999-இல் வந்த பதிப்பை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள்.

‘தி எக்ஸார்சிஸ்ட்’ முதல்முறை பார்ப்பவர்களுக்கு 1973-இன் 122 நிமிடப் பதிப்பே போதும். 2000-த்தில் சேர்த்த பத்து நிமிடம் பிறகு பார்க்க வேண்டியது என்பது என் கட்சி. ‘தி ஷைனிங்’ படத்துக்கு நேர்மாறு: 119 நிமிடத்தைவிட 144 நிமிடப் பதிப்பில்தான் அந்த ஹோட்டலின் தனிமை உடம்பில் ஏறும்.

சத்தத்தைக் கடைசிக்கு வைத்தது காரணமாகத்தான். ‘கேட் பீப்பிள்’ (1942) படத்தில் ஒருத்தி இரவில் பூங்கா ஓரமாக நடப்பாள், பின்னால் இன்னொருத்தியின் குதிகால் செருப்புச் சத்தம். இசை இல்லை. சட்டென்று பின்னால் வந்த சத்தம் நின்றுவிடும். முன்னால் நடப்பவள் வேகம் கூட்டுவாள். பிறகு சிறுத்தையின் சீறல் மாதிரி ஒன்று காதைக் கிழிக்கும், பார்த்தால் பஸ் வந்து நிற்கிறது. இன்றுவரை பேய்ப்படங்களில் நம்மைத் தூக்கிவாரிப் போட வைக்கும் உத்திக்குத் தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் ‘லூட்டன் பஸ்’ என்றே பெயர். நைட் மோடோ ஆட்டோ வால்யூமோ இயங்கினால் மெல்லிய காலடியும் பஸ்ஸின் சீறலும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும், அந்தக் காட்சி செத்துவிடும். காலடிச் சத்தம் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமை வையுங்கள், பிறகு ரிமோட்டைத் தொடாதீர்கள்.

ஒரே ஒரு ராத்திரிதான் ஒதுக்க முடியும் என்றால் இந்தப் படத்தையே போடுங்கள். 73 நிமிடம்தான். நீச்சல்குளக் காட்சி வரும்போது மட்டும் யாரும் எழுந்து லைட்டைப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.