நான் கட்டாத 74 டாலர்

போன வாரம் நண்பர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "அமெரிக்காவில் முன்பெல்லாம் ஆன்லைனில் வாங்கினால் வரியே கிடையாது. அரசாங்கத்துக்குப் பொறுக்கவில்லை. 2018-ல் வழக்குப் போட்டுப் புது வரியைப் புகுத்திவிட்டார்கள்." அதற்கு ஏகப்பட்ட விருப்பக்குறிகள். நான் டெக்சாஸில் இருபது வருடமாகக் குப்பை கொட்டுகிறவன். அந்த வரியில்லாத பொற்காலத்தில் நன்றாகவே குளிர் காய்ந்தவன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வாக்குமூலம். 2009 என்று நினைவு. டாலஸ் பக்கம் ஒரு கேமரா கடை. கடைக்காரர் முக்கால் மணி நேரம் லென்ஸை மாற்றி மாற்றிக் காட்டினார். எந்த மாடல் என் கைக்குப் பொருந்துகிறது என்று பிடித்துப் பார்க்கச் சொன்னார். "யோசித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லிக் கிளம்பினேன். அன்று இரவே அதே கேமராவை ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். இரண்டு இடத்திலும் விலை 900 டாலர்தான். கடையில் வாங்கியிருந்தால் 8.25 சதவீத விற்பனை வரி, அதாவது 74 டாலர் 25 செண்ட், கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டும். ஆன்லைன் பில்லில் வரி பூஜ்யம். கெட்டிக்காரத்தனம் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு.

அது கெட்டிக்காரத்தனம் இல்லை, வரி ஏய்ப்பு என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. விற்பனை வரி உள்ள மாநிலங்களில் அதற்கு ஜோடியாக 'யூஸ் டேக்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. பயன்பாட்டு வரி. வெளி மாநிலத்தில் வரி கொடுக்காமல் வாங்கிய பொருளை உள்ளே கொண்டுவந்து பயன்படுத்தினால், அதே வரியை நாமே மாநிலத்துக்குக் கட்ட வேண்டும். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. ஆகவே வருடாந்திரக் கணக்கோடு சேர்த்து எழுதிக் கொடுக்கவும் வழியில்லை. தனியாக ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். இத்தனை வருடத்தில் வீட்டுக்கு வாங்கிய பொருளுக்கு அந்தப் படிவத்தை அனுப்பிய ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை.

ஆக, வரி எப்போதும் இருந்தது. அதை யார் வசூலித்துக் கொடுப்பது என்பதுதான் இத்தனை வருடச் சண்டையும். வாங்குகிறவன் தானாகக் கட்டமாட்டான் என்பது ஊரறிந்த விஷயம். விற்கிறவன் தலையில் போடலாம் என்றால் உச்ச நீதிமன்றம் குறுக்கே நின்றது. 1967-ல் தபால் வழி வியாபாரம் செய்த நேஷனல் பெல்லஸ் ஹெஸ் என்ற கம்பெனியின் வழக்கில், ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ ஆட்களோ இல்லாத விற்பனையாளரை அந்த மாநிலம் வரி வசூலிக்கச் சொல்ல முடியாது என்று தீர்ப்பு வந்தது. 1992-ல் குவில் என்ற அலுவலகப் பொருள் கம்பெனியின் வழக்கிலும் அதே கதை. வேண்டுமானால் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) சட்டம் போட்டு இதை மாற்றிக்கொள்ளட்டும் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். காங்கிரஸோ 26 வருடம் ஒன்றும் செய்யவில்லை. வெளி மாநில விற்பனையாளரையும் வரி வசூலிக்கச் சொல்ல மாநிலங்களுக்கு அனுமதி தரும் மசோதா ஒன்று 2013-ல் அதன் மேலவையான செனட்டில் 69-க்கு 27 என்று நிறைவேறியது. கீழவையான பிரதிநிதிகள் சபை அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

இந்த 'ஆள் இருந்தால்தான் வரி' என்ற விதி என்னென்ன கூத்துகளை உண்டாக்கியது தெரியுமா? அமேசான் ஏன் சியாட்டிலில் தொடங்கியது? அங்கே கணினி தெரிந்த ஆட்கள் கிடைத்தார்கள் என்பது ஒரு காரணம். கம்பெனி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து வாடிக்கையாளரிடம் வரி வாங்கியாக வேண்டும், ஆகவே மக்கள்தொகை குறைந்த மாநிலமே லாபம் என்பது இன்னொரு காரணம். சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் ஒரு பூர்வகுடி ஒதுக்கீட்டு நிலத்தில் கம்பெனியை அமைக்க முடியுமா என்றுகூட விசாரித்துப் பார்த்ததாக அமேசான் நிறுவனர் பேசோஸே பேட்டியில் சொல்லியிருக்கிறார். சந்தையை அடுத்தவன் வாசலில் போட்டுக்கொண்டு, சுங்கம் கேட்டால் வேலிக்கு அந்தப் பக்கம் தாவிக்கொள்கிற வேலை.

எங்கள் மாநிலத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. டாலஸ் பக்கத்தில் இர்விங்கில் அமேசானுக்குக் கிடங்கு இருந்தது. விதிப்படி வரி வசூலித்திருக்க வேண்டும். கிடங்கு எங்களுடையதல்ல, துணை நிறுவனத்துடையது என்றார்கள். 2010-ல் மாநிலம் 26.9 கோடி டாலர் பாக்கி என்று பில் நீட்டியது. கிடங்கையே மூடிவிட்டுப் போகிறோம் என்றார்கள். அப்புறம் 2012-ல் சமரசம்: 2,500 வேலை, 20 கோடி டாலர் முதலீடு என்று உறுதிகொடுத்து, அந்த ஜூலையிலிருந்து டெக்சாஸ்காரர்களிடம் வரி வாங்கத் தொடங்கினார்கள். இதே பேரத்தை மூலையில் கேமரா விற்ற அந்த மனிதர் பேசியிருக்க முடியுமா என்று யோசித்துப் பார்க்கிறேன். அவர் மூன்று மாதம் வரியைக் கட்டாமல் விட்டிருந்தால் கடைக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள்.

பிறகுதான் 2018. தெற்கு டகோட்டா மாநிலம் வேஃபேர், ஓவர்ஸ்டாக், நியூஎக் ஆகிய ஆன்லைன் விற்பனைக் கம்பெனிகள்மேல் போட்ட வழக்கு. அந்த மாநிலத்திலும் தனிநபர் வருமான வரி கிடையாது, விற்பனை வரியை நம்பித்தான் அரசு ஓடுகிறது. ஜூன் 21 அன்று 5-க்கு 4 என்று பழைய தீர்ப்புகள் கவிழ்ந்தன. தாராளவாத நீதிபதி கின்ஸ்பர்கும் பழமைவாத நீதிபதி தாமஸும் ஒரே பக்கம் நின்ற அபூர்வம் அது. எதிர்த்து எழுதிய தலைமை நீதிபதி ராபர்ட்ஸ்கூட 1967 தீர்ப்பு தவறுதான் என்று ஒப்புக்கொண்டார். அதைத் திருத்துவது காங்கிரஸின் வேலை என்பதே அவருடைய வாதம்.

தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். "என் மாநிலத்தில் கால் வைக்காத கம்பெனி எதற்காக இந்த மாநிலத்துக்கு உழைக்க வேண்டும்" என்று கேட்கிறார்கள். பொட்டலம் கொண்டுவருகிற வண்டி எங்கள் சாலையில்தான் ஓடுகிறது. மேலும் வரி கொடுக்கிறது கம்பெனி இல்லை, நான். இன்னொன்றும் உண்டு. விற்பனை வரி ஏழையை அதிகம் அழுத்துகிற வரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கிரெடிட் கார்டும் இணைய இணைப்பும் வைத்திருந்த என்னைப் போன்றவர்கள் அந்த வருடங்களில் அதிலிருந்து நழுவிக்கொண்டோம். கையில் காசோடு கடைக்குப் போனவர்தான் முழுசாகக் கட்டினார். வருமான வரியும் இல்லாத ஒரு மாநிலத்தில் இந்த ஓட்டையை யார் பணத்தில் அடைத்திருப்பார்கள்?

சரி, எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாமா? முடியவில்லை.

ராபர்ட்ஸ் தன் மறுப்பில் சில உதாரணங்கள் கொடுத்திருந்தார். படித்துச் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நாட்டில் விற்பனை வரி போடுகிற அமைப்புகள் 10,000-க்கும் மேல். ட்விக்ஸ், ஸ்னிக்கர்ஸ் இரண்டுமே சாக்லேட் பார்கள்தான்; இல்லினாய் மாநிலத்தில் ட்விக்ஸ் உணவு, ஸ்னிக்கர்ஸ் மிட்டாய். ஏனென்றால் முன்னதில் மாவு இருக்கிறது, பின்னதில் இல்லை. இரண்டுக்கும் வேறு வேறு வரி. நியூ ஜெர்சியில் ஸ்வெட்டர் பின்னுவதற்கு நூல் வாங்கினால் வரி இல்லை, கலை வேலைக்கு வாங்கினால் வரி உண்டு. நூல் விற்கிறவர் ஆர்டர் போடுகிறவரைக் கூப்பிட்டு, "அம்மா, என்ன பின்னப் போகிறீர்கள்?" என்று கேட்க வேண்டுமோ என்னவோ.

பெரிய கம்பெனிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. சின்னவர்களுக்குத்தான் தலைவலி. எவ்வளவு விற்றால் வெளி மாநிலத்தவர் வரி வசூலிக்க வேண்டும் என்பதற்குத் தெற்கு டகோட்டா சட்டம் வருடத்துக்கு 1,00,000 டாலர் விற்பனை அல்லது 200 ஆர்டர் என்று எல்லை வைத்தது. பல மாநிலங்கள் அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டன. டெக்சாஸ், கலிஃபோர்னியா எல்லாம் 5,00,000 டாலர் என்று பெருந்தன்மையாக வைத்தது தனிக்கதை. என்னை உறுத்துவது அந்த 'அல்லது 200 ஆர்டர்'.

எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி ஒஹாயோவில் இருக்கிறாள், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். கையால் செய்த தோடுகளை, ஜோடி 7 டாலர் என்று, சொந்த இணையதளத்தில் விற்றுவந்தாள். 2021-ல் நியூ ஜெர்சிக்கு மட்டும் 200 ஆர்டர் போய்விட்டது. மொத்த விற்பனை 1,400 டாலர். அதற்கு 6.625 சதவீத வரி 92 டாலர் 75 செண்ட். அதற்காக அந்த மாநிலத்தில் பதிவு செய்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், விற்பனையே இல்லாத காலாண்டானாலும். "அண்ணா, வரி கட்டுவதில் எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. கணக்குப் போடுகிற மென்பொருளின் சந்தா அந்த வரியைவிட அதிகமாக இருக்கிறதே" என்றாள்.

தெற்கு டகோட்டாவே 2023 ஜூலையில் அந்த 200 ஆர்டர் விதியைத் தூக்கிவிட்டது. வேறு சில மாநிலங்களும் தூக்கின. வழக்கை ஜெயித்த மாநிலமே வேண்டாமென்று விட்டதை மற்றவர்கள் இன்னும் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. வெளி மாநில விற்பனையாளர் விரும்பினால் ஊருக்கு ஊர் பார்க்காமல் ஒரே உள்ளூர் விகிதத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று டெக்சாஸ் அனுமதித்திருக்கிறது. எல்லோரும் இந்த அளவுக்காவது இறங்கி வந்திருக்கலாம்.

தீர்ப்புக்குப் பிறகு மாநிலங்கள் இன்னொரு சட்டமும் போட்டன. பெரிய ஆன்லைன் சந்தைகளில் விற்றால், விற்பவருக்குப் பதிலாக அந்தச் சந்தையே வரியைப் பிடித்துக் கட்டிவிட வேண்டும். வசூலுக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள்: தனியாகக் கடை விரித்தவருக்கு ஆயிரம் படிவம், பெரியவர் கூரைக்குக் கீழே ஒதுங்கியவருக்கு ஒரு படிவமும் இல்லை. 2013 மசோதாவை அமேசான் ஏன் ஆதரித்தது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அந்தப் பெண்ணின் இணையதளம் இன்றும் இருக்கிறது. தோடு படங்கள் எல்லாம் அப்படியே. 'வாங்க' என்ற பொத்தானை அழுத்தினால் மட்டும் ஒரு பெரிய சந்தையின் பக்கத்துக்குப் போகிறது. அங்கே வரியைத் தானாகப் பிடித்துக்கொள்கிறார்கள். கூடவே கமிஷனையும்.